பூவரசம்பூ ஒன்று, எதிர் நிறங்கள் இரண்டு: சிறிய சுவர்க் குயில்ட் தைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குயில்ட் என்றால் போர்வைதானே? இதை ஏன் சுவரில் மாட்டுகிறார்கள்?

மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பிடித்து ஊடுதையல் போட்டால் அது குயில்ட். கட்டிலளவில் தைத்தால் போர்வை, கொப்பியளவில் தைத்தால் சுவர்ப்படம். துணிமேல் துணி வைத்து உருவம் தைப்பது நம்மவருக்குப் புதிதுமல்ல. தேரில் தொங்கும் தொம்பைகளில் பார்த்ததுதான். இந்தப் பக்கம் முழுவதும் 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம் உள்ள ஒரே ஒரு படத்தைப் பற்றியது: கடும் ஊதாப் பின்னணியில் விரிந்த மஞ்சள் பூவரசம்பூ ஒன்று, வாடிய பூ ஒன்று, இலை மூன்று.

எதிர் நிறம் என்றால் என்ன? பக்கத்தில் வைத்தால் ஏன் பளிச்சென்று தெரிகிறது?

ஓவியர்களின் நிறச்சக்கரத்தில் நேரெதிரே நிற்பவை எதிர் நிறங்கள். மஞ்சளுக்கு ஊதா, சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்குச் செம்மஞ்சள். பெயின்ற்றாகக் குழைத்தால் ஒன்றையொன்று கொன்று மண்ணிறமோ சாம்பலோ ஆகிவிடும். பக்கத்தில் பக்கமாக வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும்.

அதற்குக் காரணம் நம் கண். மஞ்சள் துணித்துண்டு ஒன்றை 30 விநாடி இமைக்காமல் பார்த்துவிட்டு உடனே வெள்ளைச் சுவரைப் பாருங்கள். நீலம் கலந்த ஊதாவில் ஒரு நிழல் மிதக்கும். மஞ்சளைப் பார்த்துக் களைத்த கண், அதற்கு எதிரானதைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அந்த இடத்தில் உண்மையாகவே ஊதாத் துணி இருந்தால் இரண்டும் சேர்ந்து ஊதா இன்னும் ஊதாவாகத் தெரியும். பாரிஸிலிருந்த கோபெலான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த வேதியியலாளர் செவ்ரோல், இதை 1839இல் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். சில நூல்களின் நிறம் மங்கல் என்று வந்த முறைப்பாட்டை ஆராயப் போனவர், பிழை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில்தான் இருக்கிறது என்று கண்டார்.

ஃபோனில் உள்ள நிறச்சக்கரம் மஞ்சளுக்கு எதிரே நீலத்தைக் காட்டுகிறதே, எது சரி?

இரண்டும் சரி. ஃபோன் திரை வெளிச்சத்தைக் கலக்கிறது. அங்கே மஞ்சளுக்கு நீலமும் சிவப்புக்கு நீலப்பச்சையும் எதிர். சாயத்திலும் துணியிலும் வேலைசெய்பவர்கள் பழைய சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். நடைமுறையில், நீலம் சற்றே கலந்த ஊதாவைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு சக்கரத்துக்கும் இடையில் நிற்பீர்கள். துணிக்கடையில் நாம் கத்தரிப்பூ நிறம் என்று கேட்டு வாங்குவது அநேகமாக அந்த இடத்தில்தான் இருக்கும். நாவற்பழ நிறம் இன்னும் கடும். அது பின்னணிக்கு நல்லது.

முதன்முதலாகச் செய்பவருக்கு எந்தச் சோடி சுலபம்?

மஞ்சளும் ஊதாவும். சக்கரத்தில் உள்ளவற்றில் மஞ்சள்தான் ஆக வெளிர். ஊதா ஆகக் கடும். ஆகவே நிற வேறுபாட்டோடு வெளிர்-கடும் வேறுபாடும் சும்மா கிடைக்கிறது. செவ்வரத்தம்பூவைப் பச்சையில் வைக்கத்தான் எல்லோருக்கும் முதலில் ஆசை வரும். ஆனால் சிவப்பும் பச்சையும் பெரும்பாலும் ஒரே கடுமையில் இருக்கும். கறுப்பு-வெள்ளையில் படம் எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பலாகிப் பூ காணாமல் போகும்; நேரில் பார்த்தால் ஓரங்கள் துடிப்பதுபோல் கண்ணை உறுத்தும். செவ்வரத்தைதான் வேண்டும் என்றால் பச்சையை மிகக் கடுமையாக, ஏறக்குறைய கறுப்பாக எடுங்கள். கனகாம்பரத்தை நீலத்தில் வைப்பது இரண்டுக்கும் நடுத்தரம்.

எந்தச் சோடியானாலும், வெட்டுவதற்கு முன் துணிகளை மேசையில் பரப்பி ஃபோனில் கறுப்பு-வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். அதில் பூ தெரியாவிட்டால் தைத்த பிறகும் தெரியாது. இந்த ஒரு நிமிடத்தைத் தவறவிட்டுவிட்டு, நிறம் சரியில்லை என்று துணிக்கடைக்குத் திரும்ப ஓடுபவர்கள்தான் கூட.

பூவரசம்பூவை ஏன் சொல்கிறீர்கள்?

வேலிக் கதியாலில் நிற்கும் பூவரசில் ஒரு பூவைப் பறித்து உள்ளே பாருங்கள். இதழ் வெளிர் மஞ்சள். அடியில் கடும் அரக்குச் சிவப்பு. காலமை மஞ்சளாக விரிந்த பூ பின்னேரத்தோடு நிறம் மாறத் தொடங்கி, வாடும்போது ஊதா கலந்த ரோசாவாகச் சுருண்டுவிடும். மஞ்சளிலிருந்து ஊதாப் பக்கம் போகும் வழி முழுவதும் ஒரே கிளையில் இருக்கிறது. நீங்கள் புதிதாக நிறம் யோசிக்கத் தேவையில்லை. மரம் யோசித்து வைத்திருக்கிறது.

தைப்பதற்கும் வசதியான பூ. ஐந்தே இதழ், ஒவ்வொன்றும் அடுத்ததன்மேல் ஒரே திசையில் சற்று ஏறிக் கிடக்கும். இலை இதய வடிவம்.

இரண்டு நிறத்தையும் சரிபாதியாக எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். சரிபாதி எடுத்தால் இரண்டும் சண்டைபிடிக்கும். கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். மஞ்சள் ஒரு பங்கு என்றால் ஊதா மூன்று பங்கு என்பது ஜெர்மன் கவிஞர் கேதே நிறங்களின் ஒளிக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் எண்களிலிருந்து வரும் பழைய கணக்கு. செம்மஞ்சளுக்கு நீலம் இரண்டு பங்கு. சிவப்பும் பச்சையும் மட்டும் சமம். நம் படத்தின் பரப்பு 180 சதுர அங்குலம். 7 அங்குல விட்டமுள்ள பூ ஏறத்தாழ 38 சதுர அங்குலத்தைப் பிடிக்கும். அது ஐந்திலொரு பங்கு. முடிச்சுத் தையலாலும் இலை நரம்பாலும் மஞ்சள் இன்னும் கொஞ்சம் கூடும். அந்தக் கணக்குக்குக் கிட்ட வந்துவிடும்.

என்னென்ன, எவ்வளவு வாங்க வேண்டும்?

கடும் ஊதாப் பருத்தித் துணி அரை மீற்றர். 44 அங்குல அகலத் துணியென்றால் 14 × 17 அங்குலப் பின்னணியும், ஓரத்தைச் சுற்றித் தைக்க 2¼ அங்குல அகலத்தில் கரைப்பட்டி இரண்டும், மாட்டுவதற்கான 4 அங்குலச் சதுரம் இரண்டும் அதிலேயே வரும். 17 அங்குலத்தைத் துணியின் அகலப் பக்கமாக வைத்து வெட்டினால்தான் இது சரிவரும். மாற்றி வைத்தால் பட்டிக்குத் துணி காணாது.

அடித்துணி 16 × 19 அங்குலம். நெருங்க நெய்த எந்தப் பருத்தியும் போதும், பழைய பெற்சீற்றும் சரி. பஞ்சு விரிப்பு 15 × 18. அது கிடைக்காவிட்டால் பழைய, பலமுறை தோய்த்து மெதுவான பெற்சீற்றை இரண்டாக மடித்து வையுங்கள். தட்டையாக இருக்கும், ஆனால் படத்துக்கு அது பிழையில்லை. துவாய் வைக்க வேண்டாம். ஊசி அதில் தடுக்கித் தையல் நெளியும்.

மஞ்சள் ஐந்து விதம், ஒவ்வொன்றிலும் 4½ அங்குலச் சதுரம். எலுமிச்சை, மாம்பழம், சந்தனம் என்று வெளிரிலிருந்து கடும் வரை போங்கள். ஒன்றிலாவது சின்னப் பூப்போட்ட சீத்தை இருக்கட்டும். ஐந்தும் ஒரே மஞ்சளானால் பூ வெட்டி ஒட்டிய கடதாசிபோல் தெரியும். யாழ்ப்பாண நகரத்தின் நவீன சந்தைப் பக்கத் தையற்காரரிடம் வெட்டுத்துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். மீற்றர் கணக்கில் வாங்கத் தேவையே வராது. வாடிய பூவுக்கும் இலைக்கும் மங்கல் ஊதா, ஊதா ரோசா, பாசிப் பச்சைத் துண்டுகள். பத்திக் துணித் துண்டிருந்தால் இலைக்கு மிக நல்லது. அதன் வெடிப்புக் கோடுகளே நரம்பு வேலையைப் பாதி செய்துவிடும்.

பொலியெஸ்ரர் கலந்த துணியைத் தவிருங்கள். மடிப்பு நிற்காது, சூடான அயனில் சுருங்கும்.

இதழ்களைப் பின்னணியில் ஒட்டுவதற்கு, இரண்டு பக்கமும் ஒட்டும் பிசின் தாள் இங்கே கிடைக்கவில்லை. என்ன செய்வது?

தையற்காரர் கொலருக்கு வைக்கும் ஒட்டுக் கன்வஸில் ஆக மெல்லியதை, வெள்ளை நிறத்தில், அரை மீற்றர் வாங்குங்கள். அது ஒரு பக்கம்தான் ஒட்டும், அது போதும்.

இதழின் வடிவத்தை மட்டையில் வெட்டுங்கள்: நீளம் 3½, ஆக அகலமான இடத்தில் 3½ அங்குலம், அடியில் ஒடுங்கியது. அதைக் கன்வஸின் ஒட்டாத பக்கத்தில் பென்சிலால் வரையுங்கள். இப்போது கன்வஸின் பிசின் பக்கம், அதாவது தடவினால் சொரசொரப்பாக இருக்கும் பக்கம், துணியின் நல்ல பக்கத்தைத் தொடும்படி வையுங்கள். கோட்டின்மேல் சுற்றிவர 1.5 தொடக்கம் 2 மில்லிமீற்றர் நெருக்கத் தையல். தையலுக்கு வெளியே ⅛ அங்குலம் விட்டு வெட்டுங்கள். இலையின் இதயப் பள்ளத்தில் தையல்வரை ஒரு வெட்டுக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் திருப்பும்போது அங்கே இழுத்துக் குறுகும். பிறகு கன்வஸை மட்டும் நடுவில் ஒன்றரை அங்குலம் கீறி, அதன் வழியே உட்புறம் வெளியாகத் திருப்புங்கள். பேனா மூடியால் ஓரத்தை மெல்லத் தள்ளி உருட்டி, நகத்தால் அழுத்திவிடுங்கள்.

இந்த இடத்தில் அயன் பிடிக்கக் கூடாது. பிசின் இப்போது வெளியே பார்த்தபடி இருக்கிறது. அயன் மேசையில் இதழ் ஒட்டிக்கொள்ளும். இதழைப் பின்னணித் துணியில் அதன் இடத்தில் வைத்த பின்தான், ஈரத்துணி போட்டு, பெட்டியை இழுக்காமல் வைத்து எடுத்து, ஒவ்வோரிடத்திலும் 10 விநாடிபோல அழுத்துங்கள்.

ஊதாமேல் வைத்ததும் மஞ்சள் அழுக்காகத் தெரிகிறது. ஏன்?

மெல்லிய மஞ்சள் துணி அடியிலுள்ள கடும் நிறத்தை மறைப்பதில்லை. ஊதா ஊடுருவி மேலே வந்து மஞ்சளை மங்கச் செய்கிறது. எதிர் நிறங்கள் கலந்தால் சாம்பலாகும் என்று சொன்னது இங்கே வேண்டாத இடத்தில் நடக்கிறது. மேலே சொன்ன வெள்ளைக் கன்வஸ் முறைக்கு இன்னொரு நன்மை இதுதான்: இதழுக்கு அது வெள்ளை அடியாகவும் நிற்கிறது. கறுப்புக் கன்வஸ் வாங்கினால் பலனில்லை. அப்படியும் மங்கினால் கீறலின் வழியே இன்னொரு வெள்ளைப் பருத்தித் துண்டை, தையல் கோட்டைவிட ⅛ அங்குலம் சிறியதாக வெட்டி, உள்ளே செருகிவிடுங்கள்.

ஐந்தாவது இதழ் முதலாவதன் அடியில் போக மாட்டேன் என்கிறதே?

முதல் இதழை முழுவதும் ஒட்டிவிட்டிருப்பீர்கள். அதன் ஒரு விளிம்பை ஓர் அங்குல அகலத்துக்கு ஒட்டாமல் விட்டுத் தொடங்குங்கள். மற்ற நான்கையும் ஒவ்வொன்றாக முக்கால் அங்குலம் ஏற்றி வைத்து, கடைசி இதழின் ஓரத்தை அந்தத் திறந்த விளிம்பின் கீழ் நுழைத்து ஒட்டுங்கள். பூ நடுவில் நிற்க வேண்டாம். மேலிருந்து மூன்றிலொரு பங்கு இறங்கி, சற்று இடமோ வலமோ ஒதுங்கட்டும். வாடிய பூவை 3 அங்குல நீளச் சுருளாகக் கீழ் மூலைப் பக்கம், தலைகீழாக வையுங்கள்.

நடுவில் அரக்குச் சிவப்பில் 1¾ அங்குல ஐந்துமுனை நட்சத்திரம். அதற்கு மேல் ஆறிழை நூலில் மூன்று இழையை எடுத்து, ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, பிரெஞ்சு முடிச்சு 15 அல்லது 20. முடிச்சுகள் நெருங்கியும் விலகியும் கிடக்கட்டும். வரிசையாகப் போட்டால் பொத்தான்போல் ஆகிவிடும். இந்த முடிச்சுகளை ஊடுதையலுக்குப் பிறகு போடுவது உத்தமம். முன்னே போட்டால் மெஷின் பாதம் தடுக்கும்.

இலை பச்சையாகத்தானே இருக்க வேண்டும்?

கட்டாயமில்லை. பளிச்சென்ற பச்சை மூன்றாவது ஆளாக வந்து நின்றால் மஞ்சள்-ஊதாச் சோடியின் பேச்சு எடுபடாது. ஓர் இலையை மட்டும் பாசிப் பச்சையிலும், மற்ற இரண்டையும் பின்னணியைவிட இரண்டு படி வெளிர்ந்த மங்கல் ஊதாவிலும் வையுங்கள். ஊதா ரொம்பப் பளபளப்பாக இருந்தால் ஒரு லீற்றர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டித் தேயிலைத் தூளைக் கொதிக்க வைத்து வடித்து, நனைத்த துணியை அதில் 15 நிமிடம் போட்டெடுங்கள். தேயிலையின் மண்ணிறம் பளபளப்பை அடக்கிவிடும்.

கால்மிதி மெஷின் மட்டும்தான் இருக்கிறது. சிக்சாக் தையல் வராது. செய்யலாமா?

தாராளமாக. கரண்ட் போனாலும் வேலை நிற்காது. ஓரம் உள்ளே மடிந்திருப்பதால் சிக்சாக் தேவையே இல்லை. விளிம்பிலிருந்து 1/16 அங்குலம் உள்ளே, 2 மில்லிமீற்றர் நேர்தையல் போதும். ஊசி 80/12. வளைவில் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துக்கொண்டு, பாதத்தைத் தூக்கி, துணியைச் சற்றே திருப்பி மறுபடி ஓட்டுங்கள். நூலின் நிறம் இதழின் நிறத்தோடு போகட்டும். ஊதாத் துணியில் மஞ்சள் நூல் ஓடினால் கோணிய ஒவ்வொரு தையலும் தெருவுக்குத் தெரியும். அதை இலை நரம்புக்கு மட்டும், கையால் போடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று அடுக்கையும் எப்படிப் பிடிப்பது, ஊடுதையலை எங்கே போடுவது?

அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்க மேசையில் விரித்து, நான்கு பக்கமும் ரேப்பால் ஒட்டி இறுக்குங்கள். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் படம். நடுவிலிருந்து வெளியே 3 அங்குலத்துக்கு ஓர் ஊக்கு. கடற்காற்றில் ஊக்கு சீக்கிரம் கறள் கட்டும், அந்தக் கறை போகாது. வேலை ஒரு கிழமைக்கு மேல் இழுபடும் என்றால் ஊக்கை விட்டு, வெள்ளை நூலால் பெரிய ஓட்டுத்தையலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பூவைச் சுற்றி ஒட்டினாற்போல் ஒரு வரி. அது பூவை மேலே உப்ப வைக்கும். பின்னணிக்கு அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று இடைவெளியை மாற்றி மாற்றி நெட்டுக் கோடுகள், வேலியில் நாட்டிய கதியால்களைப்போல. பூவரசுக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணி இல்லை. நூல், பின்னணியைவிட ஒரு படி வெளிர்ந்த ஊதா. கையால் தைப்பவர் அங்குலத்துக்கு ஐந்து அல்லது ஆறு தையல் போட்டால் போதும். எண்ணிக்கையைவிட ஒரே அளவாக வருவதுதான் முக்கியம்.

தைத்து முடித்தால் சுருக்கம் விழுகிறது, ஓரம் அலையாக நிற்கிறது. எங்கே பிழை?

இரண்டும் வேறு வேறு நோய். பின்புறம் சின்னச் சின்ன மடிப்பு விழுந்தால் அடித்துணி இறுக்கமாக விரிக்கப்படவில்லை, அல்லது கோடுகளையெல்லாம் ஒரே திசையில் ஓட்டியிருக்கிறீர்கள். ஒரு கோடு மேலிருந்து கீழ் என்றால் அடுத்தது கீழிருந்து மேல். ஓரம் அலைந்தால் நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் ஐதாகவும் தைத்திருக்கிறீர்கள். நெருங்கத் தைத்த இடம் சுருங்கும், மற்றது மிஞ்சி நெளியும். ஓரத்தில் இன்னும் இரண்டு மூன்று கோடு சேர்த்தால் பெரும்பாலும் படிந்துவிடும்.

நனைத்தால் ஊதா சாயம் விடுமா?

விடலாம். வெட்டுவதற்கு முன் நனைத்த வெள்ளைத் துண்டால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். ஊதா ஒட்டினால் தனியாகத் தோயுங்கள், தண்ணீர் தெளியும்வரை. உப்பிலும் வினாகிரியிலும் ஊறப்போட்டால் சாயம் பிடித்துவிடும் என்பது பலரும் சொல்வது. கடையில் சாயமிட்டு வந்த பருத்திக்கு அதை நம்ப முடியாது. நாலு தரம் தோய்த்தும் விட்டுக்கொண்டே இருந்தால் அந்தத் துணி பைக்கு உதவும், இதற்கு உதவாது.

கரைப்பட்டியை மஞ்சளில் வைத்தால் எடுப்பாக இருக்காதா?

எடுப்பாக இருக்கும், அதுதான் தொல்லை. கண் பூவை விட்டு ஓரத்துக்கு ஓடும். பின்னணி ஊதாவிலேயே வையுங்கள்.

முதலில் மூலைகள் நேராக நிற்கும்படி 12 × 15 ஆக வெட்ட வேண்டும். மூலைமட்டம் இல்லாவிட்டால் நிலத்து ரைல்ஸின் மூலையில் வைத்துச் சரிபாருங்கள். சுற்றளவு 54 அங்குலம். மூலைக்கும் இணைப்புக்கும் 12 கூட்டி 66 அங்குலப் பட்டி வேண்டும். இரண்டு துண்டையும் சாய்வாக இணைத்து, நீளவாக்கில் மடித்து அயன் பண்ணி, முன்பக்கத்தில் ¼ அங்குலத்தில் தையுங்கள். மூலைக்கு ¼ அங்குலம் முன்னே நிறுத்தி, பட்டியை மேலே சாய்வாக மடித்து, திரும்பக் கீழே மடித்து அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். பின்பக்கம் கைத்தையல்.

எப்படி மாட்டுவது?

பட்டி தைப்பதற்கு முன்பே, எடுத்து வைத்த 4 அங்குலச் சதுரங்களைக் குறுக்கே முக்கோணமாக மடித்து, பின்புறத்து மேல் மூலைகளில் வைத்துவிடுங்கள். பட்டித் தையலில் அவையும் சேர்ந்துவிடும். 11¼ அங்குல மூங்கில் தடியின் நுனிகளை அந்தப் பைகளுக்குள் செருகி, நடுவில் ஓர் ஆணியில் தாங்கவிடுங்கள். பின்னேர வெயில் நேரே விழும் சுவர் வேண்டாம், சாயம் வெளிறும்.

ஊத்தையானால் தோய்க்கலாமா?

தூசியைத் தட்டி, மெல்லிய பிரஷ்ஷால் எடுப்பது போதும். தோய்த்தே ஆகவேண்டும் என்றால் குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் ஷாம்பூ, கசக்காமல் அமிழ்த்தி எடுத்து, துவாயில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் தட்டையாக விரித்து உலர்த்துங்கள். சுண்ணாம்புக் கல்லில் ஊறி வரும் நம் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. வெள்ளைப் படிவாகக் கடும் ஊதாவில் தங்கிவிடும். கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

எடுத்து வைக்கும்போது மடிக்காமல், படம் வெளிப்பக்கமாகப் பழைய வேட்டித் துணியோடு சுருட்டுங்கள். பொலித்தீன் பையில் போட்டால் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சி போட வேண்டாம்; இராமபாணப் பூச்சி அலுமாரிக்குள் தேடிவருவது அதற்குத்தான்.